கொடுத்த மருந்தைத் தேடிப் போன அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் சிலருக்கு அவர் அத்தை, சிலருக்குச் சித்தி. அல்சூர்க் கடைவீதிக்கு அவர் "மருந்துக்கடை அம்மா". அந்தக் கடையின் மேசைக்கு இப்பால் நின்று மருந்தும் அறிவுரையும் வாங்கிப் போனவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன். வெறும் புகழுரை எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. அவர் வாழ்வில் நடந்த மிகக் கடினமான நாளைப் பற்றி ஊரில் பல விதமாகப் பேசினார்கள். கூடவே இருந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

அக்கா அல்சூர் ஏரிக்குப் பக்கத்து லைன் வீடு ஒன்றில் பிறந்தார். எங்கள் தந்தையார் கன்டோன்மென்டில் ராணுவ அதிகாரிகளின் உணவு விடுதியில் சமையல் வேலை பார்த்தார். நாடு விடுதலை அடைந்து வெள்ளைக்காரப் பட்டாளம் கப்பலேறியபோது அந்த வேலையும் போயிற்று. அதே ஆண்டில் அவர் நெஞ்சுநோயில் படுத்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துப் பாட்டிலின் பக்கவாட்டில், பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு பல் அளவு ஒரு வேளைக்கு என்பது எங்கள் அம்மாவுக்குத் தெரியாது. அழகுக்கு ஒட்டியது என்று எண்ணிக் கைக்கு வந்த அளவில் ஊற்றிக் கொடுத்துவந்தார். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அக்காவுக்குச் சந்தேகம் வந்து, பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டார். அங்கே மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்தவர், "காகிதம் ஒட்டியிருக்கில்ல? கண்ணு தெரியலியா?" என்று சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டாராம். தந்தையார் பிழைக்கவில்லை. அந்த மருந்தைச் சரியாகக் கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்றுதான் பின்னாளில் அக்கா சொல்வார். ஆனால் அந்த ஜன்னலை அவர் மறக்கவில்லை. பள்ளி இறுதி வகுப்பு முடித்ததும் கம்பவுண்டர் படிப்பில் சேர்ந்தார். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்காத உறவினர் இல்லை. தையல் வேலை செய்தபடி அம்மாதான் அவரைப் படிக்க வைத்தார்.

படிப்பு முடிந்து அல்சூர்க் கடைவீதியில் ஒரு மருந்துக்கடையில் அக்கா சேர்ந்தார். முதலாளி மூன்று தலைமுறைக்கு முன்னமே இந்தக் கன்னட ஊரில் வந்து குடியேறிய தமிழர். வியாபாரத்தில் கெட்டிக்காரர். மருந்து கலப்பதெல்லாம் அக்கா, விற்பதும் கல்லாவும் அவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு பெண் நிற்பதைப் பார்த்துப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஆணிடம் சொல்லக் கூசுகிற நோவுகளை அக்காவின் காதோடு சொல்வார்கள். டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பதோடு அவர் நிறுத்த மாட்டார். எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள், வீட்டில் வேறு யாருக்கு இந்த நோய், என்ன வேலை என்று விசாரிப்பார். "ஊர்க்கதை பேசாதேம்மா, வரிசை நிக்குது" என்று முதலாளி முணுமுணுப்பது வழக்கம்.

அம்மா காலமான பிறகு நானும் அக்காவும்தான் வீட்டில். எனக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. காலை ஷிப்டு முடிந்தால் சைக்கிளில் கடைக்குப் போய் அக்காவோடு ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். ஐம்பதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். ஊரெல்லாம் வயிற்றுப்போக்கு. அன்றும் அப்படித்தான் கடைக்குப் போனேன். அக்கா வெளியே வரவில்லை. மேசைக்குப் பின்னால் கையில் ஓர் அளவுக் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"மத்தியானம் இந்த ஜாடிய ரொப்பினது யாரு?" என்று முதலாளியைக் கேட்டார்.

"நான்தான். காலியா இருந்துச்சு. உனக்குக் கை ஓயலியேன்னு பெரிய ஜாடியிலிருந்து எடுத்து ரொப்பினேன். ஏன்?"

"தண்ணி கலந்தீங்களா?"

முதலாளி விழித்தார். "கலந்ததுதானே பெரிய ஜாடியில இருக்கு?"

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்ததைச் சொல்கிறேன். வயிற்றுப்போக்குக்கு அந்தக் காலத்தில் கொடுத்த மருந்து ஒன்றில் அபின் சேர்ந்திருக்கும். பெரிய ஜாடியில் இருந்தது அதன் கெட்டிச் சரக்கு. அதைப் பல மடங்கு நீர்க்கவைத்துத்தான் சின்ன ஜாடியில் ஊற்ற வேண்டும். எப்போதும் அதைச் செய்வது அக்கா. அன்று கூட்டத்தில் உதவி செய்வதாக நினைத்து முதலாளி கெட்டிச் சரக்கையே சின்ன ஜாடியில் ஊற்றிவிட்டார். அக்கா அதிலிருந்து எடுத்து ஒரு சீட்டுக்கு மருந்து கலந்து கொடுத்தும்விட்டார். இரண்டாவது சீட்டுக்கு எடுக்கும்போதுதான் நிறம் உறைத்திருக்கிறது.

"ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்" என்றார் அக்கா. "சின்னப் பிள்ளைக்கு."

"ஒரு பாட்டில்தானே? ஒண்ணும் ஆகாது. சும்னே, வாயத் தொறக்காம இரும்மா" என்று முதலாளி குரலைத் தாழ்த்தினார். "வெளிய தெரிஞ்சா போலீசு, கீலீசுன்னு கடைய மூட வெச்சிடுவாங்க. யாரு, எந்த ஊருன்னு உனக்குத் தெரியுமா? எங்கன்னு போய்த் தேடுவே?"

"தெரியும்" என்றார் அக்கா.

உண்மையில் அந்தப் பிள்ளையின் தாயுடைய பெயர், விலாசம் எதுவும் அக்காவுக்குத் தெரியாது. சீட்டையும் அந்தப் பெண் திரும்ப வாங்கிப் போய்விட்டாள். ஆனால் அக்கா வழக்கம்போல் விசாரித்திருந்தார். எந்தத் தண்ணீர் என்று கேட்டதற்கு, "செங்கல் சூளைக்கிட்ட இருக்கிற குட்டைத் தண்ணிதாம்மா, பொம்மனஹள்ளிக்கு அந்தாண்ட" என்று அவள் சொல்லியிருக்கிறாள். கொதிக்கவைத்துக் கொடு என்று அக்கா சொன்னதும், விறகுக்கு எங்கே போவது என்று சிரித்துவிட்டு, அத்திபெலே பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஓடியிருக்கிறாள். பிள்ளையின் பெயர் முருகேசன். தெரிந்தது இவ்வளவுதான்.

அக்கா கெட்டிச் சரக்கு இருந்த சின்ன ஜாடியைத் தொட்டியில் கவிழ்த்துக் கழுவினார். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "தம்பி, சைக்கிள எடு" என்றார்.

"இப்ப நீ போனியானா இந்தக் கடைக்குத் திரும்பி வர வேண்டாம்" என்று முதலாளி சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

ஓசூர் சாலை அன்று எனக்கு முடிவே இல்லாததுபோல் இருந்தது. மேட்டில் நான் மூச்சு வாங்கியபோது, பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா இறங்கித் தள்ளிவிட்டுத் தானும் ஓடிவந்தார். அவர் தெருவில் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பொம்மனஹள்ளி தாண்டியதும் புகை தெரிந்தது. ஓரிடத்தில் இல்லை, நாலா பக்கமும் புகை. அத்தனை சூளைகள் இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை.

முதல் சூளையில் மேஸ்திரி எங்களை உள்ளே விடவில்லை. "யாரு நீங்க? வேற சூளைக்கு ஆள் இழுக்க வந்தீங்களா?" என்று வழிமறித்தார். நான் சண்டைக்குப் போனேன். அக்கா என்னை ஒதுக்கிவிட்டு, "அண்ணே, ஒரு பிள்ளைக்குத் தப்பான மருந்து குடுத்துட்டோம். அவன் குடிக்கிறதுக்குள்ள போகணும். முருகேசன்னு பேரு" என்றார். மேஸ்திரியின் முகம் மாறியது. அவரே முன்னால் ஓடி ஒரு குடிசையைக் காட்டினார். அங்கே இருந்த முருகேசன் மீசை வைத்த ஆள். எங்களைப் பார்த்து எழுந்து நின்றான்.

இரண்டாவது சூளையில் வயிற்றுப்போக்கில் படுத்த பிள்ளை ஒன்று இருந்தது. பெண்பிள்ளை. அக்கா அந்தப் பிள்ளையின் கண்ணையும் நாக்கையும் ஒரு நொடி பார்த்து, "கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் குடுத்துகிட்டே இருங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார். அந்த அவசரத்திலும் சொன்னார். எனக்கு எரிச்சலாக வந்தது. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அங்கே கல் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர்தான், "காலையில கன்னியம்மா புள்ளையத் தூக்கிகிட்டு டவுனுக்குப் போச்சு. குட்டைக்கு அந்தப் பக்கம் பாருங்க" என்று கைகாட்டினார். சைக்கிள் போகிற வழி இல்லை. அதைப் போட்டுவிட்டு ஓடினோம்.

குடிசை வாசலில் ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தாள். "அய்யோ, மருந்துக்கடை அம்மா! இந்தாண்ட எங்கம்மா வந்தீங்க? உங்க மருந்து நல்லாக் கேக்குதும்மா. ராவெல்லாம் அழுத புள்ள, ஒரு வேளை குடுத்ததுமே தூங்கிட்டான். வயித்தாலயும் போகல. நீங்க நல்லா இருக்கணும்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அக்கா அவளைத் தாண்டி உள்ளே போனார். நானும் குனிந்து பார்த்தேன். பிள்ளைக்கு மூன்று வயதுக்குள் இருக்கும். கோணிமேல் அமைதியாகக் கிடந்தான். அக்கா அவன் இமையைத் தூக்கினார். கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது. மூக்கருகே விரல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்கு நாங்கள் காத்திருந்த நேரத்தை என்னால் எழுத முடியாது.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதாம்மா, ஒரு பல்லு. பொழுது போறதுக்குள்ள இன்னொரு வேளை குடுத்துடலாம்னு இருந்தேன்."

அக்கா பிள்ளையைத் தூக்கி உலுக்கினார். கன்னத்தில் தட்டினார். அதற்குள் அவன் தகப்பன் வந்துவிட்டார். சேற்றுக் கையோடு அக்காவின் தோளைப் பிடித்து இழுத்தார். "யாரும்மா நீ? தூங்குற புள்ளைய ஏன் அடிக்கிறே?"

அக்கா எழுந்து அவரை நேராகப் பார்த்தார். "இது தூக்கம் இல்லை. நான் குடுத்த மருந்து தப்பு. ரொம்பக் கெட்டி. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். அப்புறம் என்னை என்ன வேணா செய்யுங்க."

அந்த மனிதர் கை ஓங்கினார். நான் நடுவில் விழுந்தேன். கன்னியம்மா போட்ட கூச்சலில் சூளையே கூடிவிட்டது. யார் என்ன சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. கல் ஏற்றிக்கொண்டிருந்த லாரியின் டிரைவர், பாய் ஒருவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அரே, சண்டையெல்லாம் அப்புறம் போடுங்க. புள்ள இருக்கு, லாரி இருக்கு. ஏறும்மா, ஜல்தி!" என்றார். பாதி ஏற்றிய கல்லோடு லாரி கிளம்பியது.

முன்னால் அக்காவும் கன்னியம்மாவும் பிள்ளையும். பின்னால் செங்கல்மேல் நானும் தகப்பனும். அவர் என்னைப் பார்க்கவில்லை. லாரியின் இரைச்சலுக்கு மேல் அக்காவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "முருகேசா! கண்ணைத் தொற! அம்மாவப் பாரு! தூங்காதடா!" அந்தக் குரல் நிற்கும்போதெல்லாம் தகப்பன் எழுந்து நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார். மறுபடி குரல் கேட்டதும் உட்காருவார். நகர எல்லைக்குள் நுழைந்ததும் ஒருமுறை வெகுநேரம் குரல் கேட்கவில்லை. அவர் என் முழங்கையை இறுகப் பற்றிக்கொண்டார். பிறகு தெரிந்தது, பிள்ளையின் மூச்சு நின்றுபோய், அக்கா தன் வாயால் ஊதிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் அக்கா டாக்டரிடம் பாட்டிலைக் கொடுத்து, என்ன சரக்கு, எவ்வளவு கெட்டி, எத்தனை மணிக்கு உள்ளே போயிருக்கும் என்று தடுமாறாமல் சொன்னார். "கடையில தண்ணி கலக்காம குடுத்துட்டோம்" என்றார். டாக்டர்களும் நர்சுகளும் அந்தப் பிள்ளைக்காகச் செய்ததை நான் கண்ணால் கண்டேன். வயிற்றைக் கழுவினார்கள். ஊசி போட்டார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் பக்கத்திலேயே நின்று மூச்சைக் கவனித்தார்கள். தாழ்வாரத்தில் கன்னியம்மா ஒரு மூலையிலும் அக்கா எதிர் மூலையிலும் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலை உள்ளேயிருந்து பிள்ளை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. கன்னியம்மா உள்ளே ஓடினாள். அக்கா ஓடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டார்.

முதலாளி அக்காவை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. நிறுத்தினால் பேச்சு இன்னும் பெரிதாகும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் பேச்சு எப்படியோ பரவிவிட்டது. "அந்தப் பொம்பள கம்பவுண்டர் புள்ளைக்கு விஷத்தக் குடுத்துட்டாளாம்" என்றார்கள். காதோடு பேசிய பெண்கள் கடையைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போனார்கள். வந்த சிலரும் சீட்டை அக்காவிடம் நீட்டாமல் முதலாளியிடம் நீட்டினார்கள். அக்கா மேசைக்குப் பின்னால் கண்ணாடிக் குடுவைகளைத் துடைத்துக்கொண்டே நின்றிருப்பார்.

ஓர் இரவு வீட்டில் எனக்குப் பொறுக்கவில்லை. "ஜாடிய ரொப்பினது அவரு. நீ ஏன் வாயை மூடிகிட்டு இருக்கே?" என்று கத்தினேன்.

"ரொப்பினது அவரு. எடுத்து ஊத்தினது என் கை. முதல் தடவையே கறுப்பா இருந்துச்சு. கண்ணுல பட்டுச்சு. வரிசை நிக்குதேன்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு, "தம்பி, நாம போறப்ப அந்தம்மா எவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க பாத்தியா? கையெடுத்துக் கும்பிட்டாங்க. இத்தனை வருஷமா சனங்க சந்தோஷமாப் போறாங்கன்னு நானும் பெருமைப்பட்டுகிட்டு இருந்தேன். இனிமே அத நம்ப மாட்டேன். புரிஞ்சுகிட்டுப் போறாங்களான்னுதான் பாக்கணும்" என்றார்.

இது எத்தனை நாள் நீடித்திருக்குமோ தெரியாது. ஒருநாள் அக்காவோடு டீ குடிக்க நான் அங்கே போயிருந்தபோது, கடைக்கு வெகுகாலமாக வருகிற ஒரு அம்மாள் சீட்டோடு வந்தார். அக்கா கைநீட்டினார். அந்த அம்மாள் சீட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "இவங்க வேணாம். நீங்களே கலந்து குடுங்க" என்று முதலாளியிடம் சொன்னார். கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். முதலாளி கல்லாவை மூடினார். எழுந்து வந்து எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"அன்னைக்குத் தப்பான சரக்க ரொப்பினது நான்மா. கண்டுபுடிச்சது இவங்க. தேடிப் போகாதேன்னு தடுத்ததும் நான்தான். இவங்க போகலேன்னா அந்தப் புள்ள இல்ல. என்கிட்ட வாங்கணும்னா வாங்கிக்குங்க. நான் கலந்தா எப்படி இருக்கும்னுதான் இப்பத் தெரிஞ்சு போச்சே."

அந்த அம்மாள் சீட்டை மேசைமேல் வைத்தார். அக்கா எடுத்துக்கொண்டார். அன்று மாலை முதலாளி கெட்டிச் சரக்குகளுக்கென்று பூட்டுப் போட்ட அலமாரி ஒன்று வாங்கி, சாவியை அக்காவிடம் கொடுத்தார். அவர் சொன்னது பரவியும், முன்பு விலகிப் போனவர்களில் எல்லோரும் திரும்பி வரவில்லை. திரும்பியவர்கள் மெல்ல மெல்லத்தான் வந்தார்கள்.

அதன்பின் அக்காவிடம் மருந்து வாங்கியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டு, நீங்கள் திருப்பிச் சொன்ன பிறகுதான் பாட்டில் கைக்கு வரும். எழுத்தறியாதவர்களுக்கு லேபிளில் சூரியன், பிறை என்று வரைந்து கொடுத்தார். தமிழும் கன்னடமும் உருதுவும் கலந்து கட்டிப் பேசிப் புரியவைத்தார். "மருந்து வாங்க வந்தா பரிட்சை வெக்கிறாங்க" என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அக்கா அசையவில்லை. திருமணப் பேச்சு வந்தபோதெல்லாம் கடையைக் காரணம் காட்டியே தட்டிக்கழித்தார். என் திருமணத்தைத் தாயாக நின்று நடத்தினார். என் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்த்தார்.

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் அக்காவின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. கை மீறிவிட்டது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இறுதி மாதங்களில் அவரைக் கண்ணுக்குள் வைத்துக் காத்த என் மனைவிக்கும், முறைவைத்து வந்து உட்கார்ந்திருந்த லைன் வீட்டுப் பெண்களுக்கும், தினமும் பழம் வாங்கிவந்து வாசலோடு கொடுத்துவிட்டுப் போன கடை முதலாளிக்கும், அன்று லாரியைக் கிளப்பிய அந்த பாய்க்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். டாக்டர் எழுதிய வலி மாத்திரை எங்கள் கடைவீதியில் கிடைக்காமல், சிக்பேட்டைப் பக்கம் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். மேசையில் இருந்த கன்னடக்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். எழுந்து வந்து என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்போது கொடுப்பது, மயக்கம் அதிகமானால் என்ன செய்வது என்று பொறுமையாகச் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இது காயிலெ வாசி மாடல்ல. நோவு கம்மி மாடுத்தெ, அஷ்டே" என்றார். நோயைக் குணமாக்காது, வலியைக் குறைக்கும், அவ்வளவுதான் என்று. எனக்கு முன்பே தெரிந்ததுதான். ஆனாலும் அங்கே உட்கார்ந்து அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "கடைக்காரர் என்ன சொன்னாரு?" என்று அக்கா கேட்டார். வேளையையும் அளவையும் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவர் சொன்ன அந்த வார்த்தையையும் சொல்லிவிட்டேன்.

அக்கா மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு அவர் முகத்தில் பல நாட்களாக இருந்த இறுக்கம் தளர்ந்தது. "வர்றவங்க எல்லாரும் நல்லாயிடும், நல்லாயிடும்னே சொல்லிட்டுப் போறாங்க. யாராவது ஒருத்தர் இதச் சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு" என்றார். தண்ணீர் கேட்டு வாங்கி மாத்திரையை விழுங்கினார்.

"இனிமே அவர்கிட்டயே வாங்கு" என்றார்.

கடைசிவரை அவரிடமே வாங்கினேன். பெயரைக் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. இந்த மலரின் ஒரு பிரதியை நாளை அவர் மேசையில் நானே கொண்டுபோய் வைப்பேன்.

தம்பி